என், இன்

இருபத்தோரு ஆண்டு
ஒரே ஆற்றை அளந்தேன்,
சுவோட்ஸ் பாலத்துக்குக் கீழே, தகரக் கூரை அறையில்.
காலை ஏழுக்கு ஓர் எண்,
மாலை ஐந்துக்கு ஓர் எண்.
நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்று தெரியும்.
எங்கே போகிறது என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

ஜூனில் தானியங்கிக் கருவி வந்தது.
ஜூலையில் நான் சைக்கிள் வாங்கினேன்.

கூடவே கூர்டின்.
மின்நிலையத்தில் மதகு திறப்பவன்.
சொல்லாமல் தண்ணீரைக் கூட்டுவான், குறைப்பான்,
என் எண்கள் குதிக்கும்.
அத்தனை ஆண்டும் தொலைபேசியில் மட்டும் சண்டை.
மலோயாவில்தான் முகம் பார்த்தோம்.
"குரலுக்கு நீ உயரம், சேராய்னா."
"மதகுக்கு நீ குள்ளம்."

சில்ஸ் ஏரி பதினொரு மணிவரை
மலையைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டிருந்தது.
பிறகு காற்று வந்தது, மலை கலைந்தது.
எங்கள் காற்று கோணல் புத்திக்காரக் காற்று,
பகலில் பள்ளம் நோக்கி இறங்கும்.
அடுத்த ஏரியில் பட்டம் கட்டிய பையன்கள்
அலைமேல் பறக்க,
முதுகில் ஒரு கை வைத்ததுபோல்
மிதிக்காமலே உருண்டோம்.

ஆர்டெட்ஸில் ஒரு வீட்டுச் சுவரில்
ஆதாமும் ஏவாளும்.
ஸ்குவோல் நீரூற்றில் இரண்டு குழாய்:
ஒன்றில் தண்ணீர், ஒன்றில் இரும்பு ருசி.
அவன் இரும்பைக் குடித்தான்.

அதற்குக் கீழே ஆறு இளைத்துவிட்டது.
கற்கள் விலா எலும்பாய்த் துருத்தின.
"மீதி எங்கே?"
மலையைக் காட்டினான்.
"உள்ளே, குழாயில். நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்."
நான் அளந்து அனுப்பிய தண்ணீர்
பாறைக்குள் இருட்டில் ஓட,
மேலே வெயிலில் மிதித்தேன்.
பேசவில்லை.
மார்ட்டினாவில் அது வெளியே வந்து விழுந்த இடத்தில்
அவன் இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.
மன்னிப்பா, வியர்வையா,
கேட்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆற்றின் பெயர் என்.
எல்லை தாண்டினால்
நடு ஆற்றில் கால் ஊன்றிய பழைய சுங்கக் கோபுரம்.
அங்கே ஓர் உயிரெழுத்தைத் தீர்வையாய்க் கழற்றிக்கொண்டு
வேறொன்று மாட்டி அனுப்பிவிட்டார்கள்:
இன்.
என் என்று இருந்தவரை தெரிந்த ஆறு.
அதன்பின் யாருடையதோ.

இன்ஸ்ப்ரூக்கில் தங்கக் கூரையை
மழைக்கோட்டுக்குள்ளிருந்து பார்த்தோம்.
கூஃப்ஸ்டைனில் நண்பகல் கோட்டை ஆர்கன் முழங்க,
அதே நொடியில் அவன் டயர் செத்தது.
இசை முடிவதற்குள் ஒட்டிவிட்டான்.
அதைத்தான் ஊர் முழுக்கச் சொல்வான்.

வாஸர்பூர்க்கில் ஆறு
ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து
மனசில்லாமல் நகர்கிறது.
தாண்டி ஒரு விடுதி.
கிரெசென்ட்ஸ் அம்மாள் சூப் ஊற்றினாள்.
சமையலறைச் சுவரில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.
மூன்றாம் அலமாரி உயரம்.

அந்தத் தேதி எனக்குத் தெரியும்.
முந்தின இரவு, இரண்டு மணி,
டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதிய எண்.
என் வாழ்வின் மிகப் பெரிய எண்.
பெருமையாய் அடிக்கோடு இட்டிருந்தேன்.

"அன்றிரவு நான்தான் திறந்தேன்,"
கூர்டின் தட்டைப் பார்த்துச் சொன்னான்.
"திறக்காமல் இருந்திருந்தால்?"
"அணை."
அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.
"மாவு மூட்டை நாலு போனது," என்றாள்.
இன்னொரு கரண்டி ஊற்றினாள்,
முதலில் அவனுக்கு.

பாஸாவில் டான்யூப் காத்திருந்தது,
கொஞ்சம் கறுப்பாய்.
நம்முடையது வெளிர்பச்சை,
அந்த வாரம் அகலமும் அதிகம்.
ஆனாலும் கலந்தபின்
பெயர் அதனுடையது.
கண்ணாலேயே அளக்கப் பார்த்தேன்.
எண் வரவில்லை.

அலைபேசி சிணுங்கியது.
சுவோட்ஸிலிருந்து கருவி:
காலை ஏழு. இருபத்துமூன்று. பிழை இல்லை.

திரும்பும் ரயிலில்
ஒரு சைக்கிளுக்குத்தான் இடம்.
பயணச்சீட்டு ஜன்னலில்,
பின்னால் வரிசை நீள,
முதன்முறையாக
நேருக்கு நேர் சண்டை போட்டோம்.